தலைகீழாய் நின்ற பெண்கள்

பன்னிரண்டும் அடிச்சு முடிஞ்சுது. இனி ஒரு மணி அடிக்கிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. காணாமல் போனவையின்ர பெயரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற இந்தக் கூட்டத்தின்ர சட்டம் அது, நான் இந்தச் சுவிஸ் ஊருக்கு வர முதலே போட்ட சட்டம். கதைச்சே வளர்ந்த யாழ்ப்பாணத்தாளைக் கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் வாயைக் கட்டி நிப்பாட்டினால் கதை எல்லாம் உள்ளுக்கதான் ஓடும். ஓடட்டும். குளிர் ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம், ரெண்டு சோடி காலுறை போட்டும் பெருவிரல் விறைச்சுப் போச்சு. எதிர்ப்பக்கத்துப் பாண்கடையில இருந்து இப்பதான் சுட்ட வாசம் வருகுது, கோதாரி, காலமை வெறும் தேத்தண்ணியோட வந்தது என்ர பிழை. இண்டைக்கு ட்ராம் பிந்தி, நான் வந்து சேரேக்கை முதலாவது மணி அடிக்கத் தொடங்கியிட்டுது, சுவரில சாத்தியிருந்த பெயர் மட்டையைப் பறிச்சு நெஞ்சுக்கு நேர பிடிச்சுக்கொண்டு ஓடிவந்து நிண்டது நிண்டபடி. எனக்கு இடப்பக்கம் ஊர்சுலா, எண்பத்துநாலு வயது, கையில என்ர தம்பி குகனின்ர பெயர். வலப்பக்கம் றோசா, சிலியில இருந்து அந்தக் காலம் தப்பி வந்தவள், முன்னுக்கு ஒரு மட்டை, முதுகில நூல் கட்டி இன்னொரு மட்டை, குவாத்தமாலாக்காரர் முன்னுக்கு, பிலிப்பைன்ஸ் பெடியன் பின்னுக்கு. மூண்டு கிழவியள், நாலு பெயர். போன கிழமை வரைக்கும் மூண்டு பேருக்கு மூண்டு பெயர்தான், கணக்குச் சரியாய் இருந்தது. பெயரைக் கீழ வைக்கக் கூடாது எண்டதும் ஒரு சட்டம். அதால றோசா முதுகில கட்டிக்கொண்டு நிக்கிறாள், எழுபத்தெட்டு வயதில, நாரி நோவோட. இண்டைக்கு மட்டும் சமாளிப்பம் எண்டு மணி அடிச்சு முடிய முதல் சொன்னாள். போன வெள்ளி எல்லாம் முடிஞ்சு கோப்பி குடிக்கேக்கை ஊர்சுலா என்ர சட்டைக் கையைப் பிடிச்சு, டாவா, நீ யோசி, அடுத்த வெள்ளி ஒரு மணிக்குப் பிறகு சொன்னால் காணும், நீ வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டாள். தவமலர் எண்ட பெயரை இருபத்திரண்டு வருசமாய் டாவா எண்டு கூப்பிடுறவள். என்னத்தைக் கேட்டவள் எண்டு அவளும் சொல்லேல்லை, நானும் திருப்பிக் கேக்கேல்லை. குகனின்ர பெயரை இறக்கிறதோ இல்லையோ, அதுதான் கேள்வி. ஒரு மணி அடிச்சதும் நான் சொல்ல வேணும்.

என்ர கையில இருக்கிறது புதுப் பெயர். எத்தியோப்பியாவில வடக்குப் பக்கம் சண்டை. தாதியாய் வேலை செய்த பிள்ளையாம், இருபத்தேழு வயது, றோட்டில பஸ்ஸை மறிச்சு இறக்கிக்கொண்டு போனதுதான், பிறகு ஒரு சிலமனும் இல்லை. அப்ரெஹெத். ஊர்சுலா ஒரு மாதிரி வாசிக்கிறாள், றோசா வேற மாதிரி வாசிக்கிறாள், நான் பயத்தில வாசிக்கிறதேயில்லை. ஊர்சுலா கை நடுங்க நடுங்க தூரிகையால பார்த்து எழுதின எழுத்து. சுவரில இருந்து பறிக்கேக்கை கண்டன், கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற ஆக்கள் மாதிரி ஒவ்வொரு எழுத்தும், ஆமி தேடுதல் நடக்கேக்கை எங்களைக் கோயில் வீதியில நிப்பாட்டி வைச்ச மாதிரி. பாவம், எழுத்துக்கும் அந்த நிலை. போன கிழமை மெயிலில பதினொரு பெயர் வந்தது. உலகம் முழுக்க எங்களை மாதிரி இருக்கிற ஊர்களுக்கு ஒண்டு ஒண்டாய்ப் பிரிச்சுக் குடுத்திருக்கினம், ஒசாக்காவுக்கு ஒண்டு, கேப்டவுனுக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு ஊருக்கு ஒரு பெயர், ஆள் வாற வரைக்கும் அந்த ஊர் அந்தப் பெயரோட நிக்கும், ஆளின்ர வீட்டுக்காரர் சொன்னால் ஒழிய இறக்கக் கூடாது. இந்தச் சட்டம் எனக்கு முதல் அங்கதான் தெரியும், இங்க இல்லை. யாழ்ப்பாணத்தில, அருளப்பு சுவாமியின்ர அறைவீட்டில, பாதிரியார் இருக்கிற வீட்டில, மேசையில, டைப்ரைட்டருக்கு முன்னால. கோயிலுக்குப் போறவள் ஒருத்தி வேதக்காரரின்ர அறைவீட்டில நாள் முழுக்க என்ன செய்யிறாய் எண்டு பெரியம்மா கேப்பா, லிஸ்ட் அடிக்கிறன் எண்டு சொல்லுவன், என்ன லிஸ்ட் எண்டு பிறகு கேக்க மாட்டா, ஏனெண்டால் எல்லாருக்கும் தெரியும். இடம்பெயர்ந்து போய் ஊருக்குத் திரும்பின அந்த வருசம், கரண்ட் இல்லை, ஜாம் போத்திலில திரி போட்ட விளக்கு, பின்பக்கம் எழுதின கொப்பித் தாள், நாலு கார்பன். தாய்மார் காலமை ஏழு மணிக்கே வந்து விறாந்தையில இருந்திடுவினம். பெயர், வயது, எந்த இடம், எந்தக் காவலரண், என்ன நிறச் சேட்டு. அடிச்சு முடிச்சால் சுவாமி கையொப்பம் வாங்குவார், ஆரும் நம்பிக்கையான ஆள் கப்பலில கொழும்புக்குப் போகேக்கை மடியில வைச்சுக் கொண்டுபோகும், கொழும்பில இருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஃபாக்ஸ், அங்க ஒருத்தி மூண்டு பேருக்கு ரெலிபோன் எடுப்பாள், அந்த மூண்டு பேரும் மும்மூண்டு பேருக்கு, விடியிறதுக்குள்ள அறுபது ஊருக்குத் தெரிஞ்சிடும். எங்கட ஒழுங்கையில பக்கத்து வீட்டுக்குத் தெரியாத விசயம் நோர்வேயில ஒரு மனுசிக்குத் தெரிஞ்சிருக்கும். சுவாமி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பசியும் பயமும்தான், ஆனாலும் அந்த மேசை, அந்தச் சனம், அந்தச் சிரிப்பு, சத்தியமாய் என்ர வாழ்க்கையில பிறகு அப்படி ஒரு காலம் வரேல்லை. சொன்னால் வெக்கம். மற்றவையின்ர பிள்ளையளைக் காணேல்லை எண்டு அடிச்ச காலத்தை நல்ல காலம் எண்டு நினைக்கிற மனம் என்ன மனம்.

ரிப்பன். இந்த நினைப்பு எந்தப் பக்கத்தால ஓடினாலும் கடைசியில போய் இடறுறது ரிப்பனிலதான். டைப்ரைட்டருக்கு ரிப்பன் தேய்ஞ்சு எழுத்து மங்கிப் போச்சு. குகன் சைக்கிளோட வெளிக்கிட்டவன், ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு கடையில ஒண்டு ரெண்டு இருக்காம் எண்டு நான்தான் சொன்னன். போறதெண்டால் இப்பவே போ, மத்தியானத்துக்குப் பிறகு றோட்டு மூடிப் போடுவாங்கள். அவனுக்குப் போக விருப்பமில்லை. ரியூப் ஒட்டினது காயேல்லை அக்கா எண்டான். சாட்டுச் சொல்லாத, எழும்பு எண்டன். நீல நிறச் சேட்டு, முன் பொக்கெற் ஒண்டு கிழிஞ்சது. பத்து நிமிசத்தில வாறன் எண்டு சொல்லிப்போட்டு படலையைச் சாத்தாமல் போனவன், நான் பின்னால போய்ச் சாத்தினன், சாத்தேக்கை விசரன் எண்டு பேசினனான். கடைசியாய் அவனைப் பற்றி வாயால சொன்ன சொல் அதுதான். மூண்டாம் நாள் அவன்ர படிவத்தை நானே அடிச்சன். வேற ஆர் அடிக்கிறது, நான்தானே டைப்பிஸ்ற். தேய்ஞ்ச ரிப்பன், அவன் வாங்கப் போன ரிப்பன் இல்லாததால அவன்ர பெயர் தாளில தெரியேல்லை. ரெண்டு தரம் அடிச்சுப் பார்த்தன், மூண்டு தரம் அடிச்சன், நிழல் மாதிரி விழுந்தது. ஃபாக்ஸில போனால் வெறும் வெள்ளைத் தாள்தான் போகும். அழுது என்ன, குமிழ்முனைப் பேனையை எடுத்து ஆங்கிலத்தில சின்னனாய் எழுதி, அதுக்குக் கீழ தாளின்ர அரைவாசிக்கு, தமிழில கொட்டை எழுத்தில நவரத்தினம் குகதாசன் எண்டு எழுதினன். ஏன் தமிழில எழுதினனோ தெரியாது. அம்மா பக்கத்தில நிண்டவ, அவவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது, பிள்ளையின்ர பெயர் போகுதோ எண்டு அவ தன்ர கண்ணால பார்க்க வேணும் எண்டு நினைச்சிருப்பன்.

நாலு மாதத்தால ஒரு கடித உறை வந்தது, சுவிஸ் முத்திரை. உள்ளுக்கு ஒரு படம். மழை, இதே சதுக்கம், இதே தண்ணித் தொட்டி, பதினாறு வெள்ளைக்காரப் பொம்பிளையள் குடை பிடிச்சுக்கொண்டு வரிசையாய் நிக்கினம், நடுவில நிக்கிற நெடுவலுக்குக் கையில பெரிய மட்டை, மட்டையில என்ர கையெழுத்தைப் பார்த்து அப்படியே எழுதின குகதாசன். தலைகீழாய். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லேலாது. உலகத்தின்ர மற்றப் பக்கத்தில ஒரு மணித்தியாலம் மழைக்க நனைஞ்சு நிண்ட சனத்தைப் பார்த்து, உதையும் ஒழுங்காய்ச் செய்யத் தெரியாதோ எண்டு வாய் விட்டுக் கத்தினன். எங்கட பிள்ளையின்ர பெயரைத் தலைகீழாய்ப் பிடிச்சுக்கொண்டு என்ன சமாதானம், கண்டறியாத சமாதானம். சுவாமி படத்தை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழட்டிப் போட்டுப் பார்த்தார். அம்மா படத்தை வாங்கிக்கொண்டுபோய் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில ஆணி அடிச்சு மாட்டினா, தலைகீழாய் மாட்டினா. குகனின்ர பெயர் நேராய் நிண்டுது. பதினாறு பொம்பிளையளும் குடையோட வானத்தில தொங்கிச்சினம், மழை கீழ இருந்து மேல பெய்தது. வந்த சனமெல்லாம் என்னக்கா படம் பிரண்டு கிடக்கு எண்டு கேக்கும், அம்மா, அவையள் பிரண்டு நிண்டால் நிக்கட்டும், என்ர பிள்ளை நேராய் நிக்க வேணும் எண்டுவா. ஒவ்வொரு வெள்ளியும் அதுக்கும் சேர்த்துப் பூ வைப்பா. அவ செத்த வீட்டுக்குப் போய் வரேக்கை அந்த வீட்டில இருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது அது ஒண்டுதான். இப்ப என்ர வீட்டுச் சுவரிலயும் அப்படித்தான் தொங்குது. என்ர மருமகன் முதல் நாள் வந்தவன் மரியாதைக்கு ஒண்டும் கேளாமல் கழுத்தைச் சரிச்சுச் சரிச்சுப் பார்த்தான், என்ர மகள் விழுந்து விழுந்து சிரிச்சாள். அந்தப் படத்துக்குப் பிறகு அறைவீட்டில இருந்து போன ஒவ்வொரு தாளிலயும் நான் பின்பக்கம் ஒரு அம்புக்குறி கீறினன், இதுதான் மேல்பக்கம் எண்டு. மட்டை எழுதுறவையும் பின்பக்கத்தில அதே அம்புக்குறியைக் கீற வேணும், பிடிக்கிறவை கையில எடுக்கேக்கை முதல் பின்பக்கத்தைப் பார்க்க வேணும் எண்டு கீழ ஒரு வரி அடிச்சன். ஆம்ஸ்டர்டாம்காரர் அதை எல்லா ஊருக்கும் அனுப்பிச்சினம். உலகம் முழுக்க அந்தக் கூட்டத்துக்கு நான் செய்த ஒரே சேவை அதுதான், ஒரு அம்புக்குறி.

நான் இங்க வந்து சேர்ந்து ரெண்டாம் கிழமை இந்தச் சதுக்கத்தைத் தேடிப் பிடிச்சு வந்தன், வாயில ஜேர்மன் ஒரு சொல் இல்லை. நெடுவல் நிண்டாள், கையில குகன், அப்ப நேராய்ப் பிடிச்சிருந்தாள். நான் போய் மட்டையில விரலை வைச்சு, பிறகு என்ர நெஞ்சில விரலை வைச்சன். ஒரு மணி அடிக்காததால அவள் வாய் திறக்கேல்லை. கண்ணால தண்ணி ஓடுது, மூக்கால ஓடுது, துடைக்கக் கை இல்லை, மட்டையை விடவும் மாட்டாள். நான் என்ர சால்வையால துடைச்சு விட்டன். அதுதான் ஊர்சுலாவும் நானும் பழகத் தொடங்கினது. அவளின்ர கையில இருந்து மட்டையை வாங்கப் பார்த்தன், தர மாட்டன் எண்டு தலையாட்டினாள். தங்கட ஆளின்ர பெயரைத் தாங்கள் பிடிக்கிறேல்லை, மற்றவையின்ரதைத்தான் பிடிக்கிறது, அது இங்கத்தை வழக்கம். எனக்கு ஒரு பொஸ்னியாக்காரனின்ர பெயர் கிடைச்சுது, பதினாறு வருசம் பிடிச்சன், அவன்ர முகம் எனக்குத் தெரியாது, பிறந்தநாள் தெரியும். அப்ப முப்பது பேர் நிண்டம். றோசா வீட்டில இருந்து போத்திலில சூப் கொண்டுவருவாள், மார்கிரித் எண்டொருத்தி எல்லாருக்கும் கையுறை பின்னிக் குடுப்பாள், யப்பானில இருந்து கடுதாசிக் கொக்கு வரும், ஒரு மணி அடிச்சதும் முப்பது பேரும் ஒரே நேரத்தில கதைக்கத் தொடங்கினால் புறா எல்லாம் எழும்பிப் பறக்கும். ஏழு மொழி, ஒருத்திக்கும் மற்றவளின்ரது விளங்காது, சிரிப்பு மட்டும் விளங்கும். பிறகு பொஸ்னியாக்காரனின்ர எலும்பு கிடைச்சு, இரத்தம் சோதிச்சு, அவன்ர தங்கச்சி ஒரு கடிதம் போட்டாள். அண்டைக்குப் பெயரை இறக்கினம். மட்டையை நான் அவளின்ர கையில குடுத்தன், அவள் மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸில போனாள். அவளில எனக்குப் பொறாமை வந்தது. எலும்பு கிடைச்சவளில பொறாமைப்பட்ட சாதி நான். பிறகு ஒவ்வொருத்தராய்ப் போச்சினம், மார்கிரித் போனாள், கையுறை மட்டும் இருக்கு, இப்ப போட்டிருக்கிறதும் அவள் பின்னினதுதான், பெருவிரல் பக்கம் பிரிஞ்சு போச்சு.

எங்களுக்கு எலும்பு இல்லை. எனக்கு ஆர் கடிதம் போடுறது, நான்தான் கடிதம் போட வேண்டிய ஆள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, இந்தப் பெயருக்கு உலகத்தில மிச்சம் நான் ஒருத்திதான். இறக்கு எண்டு நான் சொன்னால் அவன் செத்தான் எண்டு நான் சொன்ன மாதிரி. கடைக்குப் போ எண்டு அனுப்பினதும் நான், பெயரை இறக்கிறதும் நானோ? சாகும் வரைக்கும் அம்மா அவனுக்கு அந்தியேட்டி, செத்தவைக்குச் செய்யிற கிரியை, செய்ய விடேல்லை, ஐயர் கேட்டதுக்கு, வந்து நிண்டானெண்டால் நீர் என்ன முகத்தோட பார்ப்பீர் எண்டு கேட்டவ. இப்ப அவனுக்கு நாற்பத்தொன்பது. நரைச்சிருக்கும், எங்கட அப்பாவுக்கும் அந்த வயதில வழுக்கை. இல்லை, இறக்கிறதில்லை. முடியாது எண்டு சொல்லிப் போடுவம், றோசா இன்னும் கொஞ்ச நாள் முதுகில கட்டட்டும். ஆனால் அவள் ஒரு காலை மாத்தி மற்றக் காலில நிக்கிறாள், பெருமூச்சு கேக்குது, அவளைப் பார்க்க ஏலாமல் நான் தண்ணித் தொட்டியைப் பார்க்கிறன். எத்தியோப்பியாவில ஒரு அம்மா இருப்பா, அவ ஏதாவது விறாந்தையில ஏழு மணிக்கே போய் இருந்திருப்பா. அவளின்ர பிள்ளையின்ர பெயரை ஒருத்தி அடிச்சிருப்பாள். எங்க சுத்தினாலும் மனம் அதே மேசைக்குத்தான் வருகுது. முக்கால் மணி அடிக்குது. பதினைஞ்சு நிமிசம் இருக்கு.

ஆரோ நிக்கினம். எனக்கு முன்னால, மூண்டடி தள்ளி, முதுகில சாப்பாட்டுப் பெட்டி காவுற பொடியன், இல்லை, பொடியன் இல்லை, முப்பத்தைஞ்சு இருக்கும், சைக்கிளை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு. நாலைஞ்சு பேர் ஒரு நாளைக்கு இப்படி நிண்டு பார்ப்பினம், ரெண்டு பேர் பெருவிரலைக் காட்டுவினம், ஒருத்தன் பேசிப்போட்டுப் போவான். இவன் என்னைப் பார்க்கேல்லை, மட்டையைப் பார்க்கிறான். கழுத்தைச் சரிக்கிறான், இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். எங்கயோ பார்த்த சரிப்பு. என்ர மருமகன் அந்தப் படத்தைப் பார்த்த மாதிரி. ஐயோ. சைக்கிளைத் தொட்டியில சாத்திப்போட்டு வாறான், வந்து, மன்னிக்க வேணும் அம்மா, இது தலைகீழ் எண்டான். நல்ல ஜேர்மன், மெல்லிய குரல். நான் வாய் திறக்கேலாது. அவன் ரெண்டு கையாலயும் மட்டையின்ர ரெண்டு பக்கத்தையும் பிடிச்சான், நான் விட்டன், திருப்பினான். திருப்பேக்கை பின்பக்கம் என்ர கண்ணுக்கு முன்னால சுழன்றது. ஊர்சுலாவின்ர பென்சில், நடுங்கின கோடு, பெரிய அம்புக்குறி. முக்கால் மணித்தியாலமாய் நிலத்தைக் காட்டிக்கொண்டிருந்த அம்புக்குறி. நான் கண்டுபிடிச்ச அம்புக்குறி, உலகம் முழுக்கப் பார்த்த அம்புக்குறி, அதை நான் பார்க்கேல்லை. அவன் மட்டையைத் திருப்பி என்ர கையில தந்தான். நெஞ்சோட பிடிக்க முதல் எழுத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தன். கை தூக்கி நிக்கேல்லை அந்த எழுத்துகள், அது கை இல்லை, கால். நல்லாய் ஊண்டிக்கொண்டு நிக்கினம். அவன் வாசிச்சான், அப்ரெஹெத் எண்டு. நாங்கள் ஒருத்தரும் அப்படிச் சொல்லேல்லை, அடுப்படியில இருந்து பிள்ளையைக் கூப்பிடுற மாதிரிச் சொன்னான். தெரிஞ்ச ஆளோ எண்டு கண்ணால கேட்டன். இல்லை எண்டு தலையாட்டினான். இந்த ஊரில எங்கட எழுத்தை இப்பதான் முதல் தரம் பார்க்கிறன் எண்டான், முகத்தைக் கையால மூடிக்கொண்டான், பிறகு எனக்கும் றோசாவுக்கும் இடையில வந்து நிண்டான். சாப்பாட்டுப் பெட்டி முதுகில கிடக்க, ஆரோ ஒருத்தரின்ர மத்தியானச் சாப்பாடு ஆற, அவன் பேசாமல் நிண்டான். நான் கத்தினனான். உதையும் ஒழுங்காய்ச் செய்யத் தெரியாதோ எண்டு கத்தினனான், கண்டறியாத சமாதானம் எண்டு. இவன் கத்தேல்லை. திருப்பித் தந்தான், அவ்வளவுதான்.

ஒரு மணி. ஒண்டே ஒண்டு, அடிச்சு அடங்க நேரம் எடுக்கும். புறா ஒண்டும் எழும்பேல்லை, நாங்கள் மூண்டு பேர்தானே. அவன் ரெலிபோனைப் பார்த்து, அடுத்த வெள்ளியும் நிப்பியளோ எண்டு கேட்டான், ஓம் எண்டன், சைக்கிளில ஏறிப் போனான், பின் சில்லில காத்துக் குறைவு, காணுமோ தெரியாது. ஊர்சுலா என்னட்டைக் கேக்கேல்லை. மூக்கு சிவந்து, குகனை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு, கேக்க வேண்டாம் எண்டு நிக்கிறாள், இண்டைக்கும் துடைக்கக் கை இல்லை. நான் அப்ரெஹெத்தை றோசாவிட்டைக் குடுத்தன், பின்பக்கத்தைப் பார்த்துப்போட்டுத்தான் குடுத்தன். "இறக்குவம் ஊர்சுலா" எண்டன். அவளுக்குக் கேட்டது, ஆனாலும் கையை விடேல்லை. "நவரத்தினம் குகதாசன்" எண்டு இந்தச் சதுக்கத்தில முதல் தரமாய் வாய் விட்டுச் சொன்னன், எங்கட வீட்டில சொல்லுற மாதிரி. "என்ர தம்பி. அவனை நான் கொண்டுபோறன்." அப்ப விட்டாள். இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு என்ர கைக்கு வந்துது, பாரமே இல்லை, வெறும் மட்டை. சால்வையால அவளின்ர முகத்தைத் துடைச்சு விட்டன். ட்ராமில இதை மடியில வைச்சுக்கொண்டு போக வேணும். வீட்டை போய் முதல் வேலையாய் அந்தப் படத்தை ஆணியில இருந்து கழட்டி நேராய் மாட்ட வேணும். அம்மா, கோவிக்காதேங்கோ. இவையளும் எவ்வளவு காலம்தான் கால் மேல கிடக்கத் தொங்கிறது, பாவங்கள், ஒருக்கால் நிலத்தில நிக்கட்டும்.